மடங்காத கத்தி

என் மகளுக்குப் புதுச்சேரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா சொன்னார்.

"பாப்பா, பேத்திக்கு நான் ஒண்ணு வாங்கித் தரணும். ஒரு பேனாக்கத்தி."

எனக்குப் பேனா என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "நல்லதாப் பாத்து வாங்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"பேனா இல்ல. கத்தி. மடக்கி வச்சுக்கிறது."

மகள் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டலில் கொடுத்த பட்டியலில் பக்கெட், கொசுவலை, பூட்டு, வெள்ளை ஷூ இரண்டு ஜோடி என்று எழுதியிருந்தது. "எனக்கு செல்போன் வாங்கிக் குடுங்க தாத்தா" என்றாள் சிரித்துக்கொண்டே. அப்பா சிரிக்கவில்லை. "அதெல்லாம் உங்க அப்பா வாங்கித் தருவாரு. நான் தர்றது கத்தி" என்றார்.

என் வீட்டுக்காரர் பிறகு அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பொம்பளப் புள்ள வெளியூர் போகும்போது யாராவது கத்தியக் குடுத்து அனுப்புவாங்களா? வாட்சு வாங்கித் தரச் சொல்லேன்."

வாட்ச் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நல்ல சூட்கேஸ் ஒன்று என்றேன். ஒரு ஜோடிக் கம்மல் என்றேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அதையே சொன்னார். "நான் போனப்புறம் அவகிட்ட என்னது ஒண்ணு இருக்கணும். அது கத்தியா இருக்கணும். சனிக்கிழமை உனக்கு லீவுதானே, கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போ."

அப்பா அப்போது தலத்தெருவில் எங்களோடு இருந்தார். சுனாமி வந்து நான்காவது வருஷம் அது. அதற்கு முன்னால் அறுபது வயது வரைக்கும் எங்கள் மீனவக் கிராமமான பட்டினச்சேரியை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியே தங்கியவர் இல்லை. அந்த மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது அம்மாவும் அப்பாவும் கரையில்தான் இருந்தார்கள். அப்பாவை மத்தியானம் கருவைக் காட்டுக்குள் கண்டுபிடித்தார்கள். உடம்பு முழுக்க முள் கிழித்திருந்தது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தன. கூரைத் தகரம் கிழித்திருக்கும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த விரல்கள் பிறகு முழுதாக நீளவே இல்லை.

அம்மா மூன்றாம் நாள் கிடைத்தாள். வலையோடு வலையாகச் சுற்றிக்கிடந்தாள் என்று சொன்னார்கள். என்னைப் பக்கத்தில் போகவிடாமல் சின்னம்மா பிடித்துக்கொண்டாள். "ஒரு நொடிதான்டி. ஒரே அடி. அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வருஷம், தூக்கம் வராத நேரங்களில், ஒரு நொடிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த வீடு பூட்டியே கிடந்தது. கடல் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து இருமல். நெஞ்சுக்குள் எதையோ இழுத்து இழுத்து வெளியே கொண்டுவரப் பார்ப்பதுபோல் இருமுவார். "அன்னைக்குக் குடிச்ச தண்ணி இன்னும் உள்ளயே கெடக்கு" என்பார். அந்த வருஷம் சித்திரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றார். அப்பா வர மாட்டேன் என்றார். அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஆட்டோவில் போனோம். முதலில் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் தொங்கும் கடை. அங்கே இருந்தவர்களுக்கு அப்பாவைத் தெரியும். நாற்காலி போட்டார்கள். மடக்குக் கத்தி என்றதும் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு கத்திகள் இருந்தன.

அப்பா ஒன்றை எடுத்து விரித்தார். அலகின் கூர்ப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கத்தியைத் திருப்பி, அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து, பிடியைக் கீழே அழுத்தினார். கத்தி படக்கென்று மடங்கியது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் மடங்கியது. மூன்றாவது கொஞ்சம் தாங்கியது. எழுந்து நின்று, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினார். மடங்கிவிட்டது. இப்படியே பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் இருமல் வந்தது. இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பார்.

"என்னங்க, கத்தியப் போட்டு ஒடைக்கிறீங்க" என்றான் கடைக்காரன். "மடக்குக் கத்தின்னா மடங்கத்தானே செய்யும்."

"மடக்கினா மடங்கணும். அழுத்தினா மடங்கக் கூடாது" என்றார் அப்பா.

அடுத்தது ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையலும் பொட்டும் விற்கிற கடையில், கண்ணாடி அலமாரிக்குள் சிவப்புப் பிடி போட்ட கத்திகள் இருந்தன. கத்தரிக்கோல், திருப்புளி, பல்குச்சி எல்லாம் ஒரே பிடிக்குள் அடங்கியிருந்தன. மகளுக்கு இது பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா வாங்கி, அதே மாதிரி கண்ணாடி மேஜையின் விளிம்பில் வைத்து அழுத்தப் போனார். விற்பனைக்கு நின்ற பெண் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டாள். "கண்ணாடி தாத்தா, ஒடஞ்சிரும்." பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"எதுக்குப்பா இப்படி அழுத்திப் பாக்குறீங்க? பழம் நறுக்கத்தானே போறா" என்றேன் வெளியே வந்ததும்.

"பழம் நறுக்கறதுக்கு இல்ல" என்றார்.

வெயில் ஏறிவிட்டது. இன்னும் இரண்டு கடை பார்த்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்குப் போகலாம், அடுத்த வாரம் நாகூர் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே, நிழலுக்காக ஒரு ஃபாரின் சாமான் கடைக்குள் அவரை உட்காரவைத்தேன். சென்ட் பாட்டில், கம்பளி, தைலம், டார்ச் லைட் என்று அடுக்கியிருந்த சின்னக் கடை. கடைக்கார பாய்க்கும் அப்பா வயதுதான் இருக்கும். கேட்காமலேயே ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அப்போதுதான் வந்து இறங்கியிருந்த ஒரு பெட்டியின் கட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது மரப்பிடி போட்ட கத்தி. அப்பா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"பாய், அந்தக் கத்தியக் கொஞ்சம் பாக்கலாமா?"

பாய் அதை மேஜைமேல் வைத்தார். சாதாரணக் கத்திதான். பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. பிடியும் அலகும் சேருகிற இடத்தில் இரும்பு வளையம் ஒன்று. அப்பா அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்தார்.

"வளையத்தத் திருப்புங்க மொதல்ல" என்றார் பாய். "திருப்பினா பூட்டிக்கும்."

அப்பா திருப்பினார். வளைந்த விரல்களை வைத்துக்கொண்டு அது அவருக்குச் சுலபமாக இல்லை. பிறகு அழுத்தினார். எழுந்து நின்று அழுத்தினார். இரண்டு கையாலும் அழுத்தினார். மேஜைதான் ஆடியது. கத்தி அப்படியே நின்றது.

"இது வேணும் எனக்கு" என்றார்.

"இது விக்கிறதுக்கு இல்லைங்க. என் மச்சான் பிரான்சுல பட்டாளத்துல இருந்தாரு, அவரு வச்சிருந்தது. மவுத்தாயிட்டாரு. இருவது வருஷமா என் கையில இருக்கு." பாய் கோபமில்லாமல்தான் சொன்னார். "உங்களுக்கு எதுக்கு?"

"பேத்திக்கு."

"பேத்திக்கு இதவிட அழகா எவ்வளவோ இருக்கே."

அப்பா உட்கார்ந்தார். கத்தியைக் கையிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் இருமல் அடங்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தே பேசினார்.

"நான் பட்டினச்சேரி. சுனாமில என் பொஞ்சாதி போயிட்டா. ரெண்டு பேரும் கரையில வல சிக்கெடுத்துக்கிட்டு இருந்தோம். தண்ணி வந்து எங்களையும் வலையையும் சேத்துச் சுருட்டிக் கருவைக்குள்ள கொண்டு போட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே வலைக்குள்ள. தண்ணி அந்தாண்ட இழுக்கும், இந்தாண்ட இழுக்கும். அவ மொகம் உள்ள போகும், வெளிய வரும். உசுரோடதான் இருந்தா. என்னப் பாத்துக்கிட்டேதான் இருந்தா."

நான் கம்பளி அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என் இடுப்புக் கயித்துல ஒரு மடக்குக் கத்தி தொங்கும். மாங்கனித் திருவிழாக் கடையில வாங்கினது. அது ரொம்ப நாளா லொடலொடன்னு கெடந்துச்சு. அதத் தூக்கிப் போடுங்கன்னு அவ எத்தனையோ தடவ சொல்லியிருக்கா. வெத்தலப் பாக்கு நறுக்கத்தானேன்னு வச்சிருந்தேன். அத எடுத்து என் காலச் சுத்தியிருந்தத அறுத்தேன் பாய். மொதல்ல என் கால் கட்டத்தான் அறுத்தேன். அப்புறம் அவ பக்கம் திரும்பினேன். கழுத்தோரமா வலக்கயிறு சுத்தியிருந்துச்சு. நூலு இல்ல, கயிறு. முனையக் கயித்துக்குள்ள குத்திப் பலமா அழுத்தணும். அழுத்தினேன். கத்தி மடங்கிருச்சு. என் வெரலு மேலயே மடங்கிருச்சு. கையில ரத்தம், புடி வழுக்கிருச்சு, கத்தி போயிருச்சு. அப்புறம் கையால இழுத்தேன், பல்லால கடிச்சேன். அடுத்த தண்ணி வந்து அவள அப்படியே வலையோட எடுத்துக்கிட்டுப் போயிருச்சு."

கடைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பாய் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மொதல்ல அவ கயித்த அறுத்திருந்தா அறுந்திருக்கும்" என்றார் அப்பா. "கத்தி அப்ப இன்னும் கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு. என் கால் கட்ட அறுத்ததுலதான் ஆணி கழண்டிருக்கும்."

"உங்க காலு கட்டியிருந்தா நீங்க எப்படிங்க அவங்ககிட்ட போறது?" என்றார் பாய்.

"அதத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிறேன்."

பாய் பெட்டியின் மிச்சக் கட்டுகளை அறுக்காமல் அப்படியே தள்ளி வைத்தார். ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். அப்பாவின் கையிலிருந்து கத்தியை வாங்கித் துடைத்து, மடக்கி, வளையத்தைத் திருப்பிப் பூட்டி, துணியில் சுற்றி அப்பாவுக்கு முன்னால் வைத்தார். காசு வேண்டாம் என்றார். அப்பா விடவில்லை. பாய் என்னைப் பார்த்து, "ஆட்டோ கூப்பிடட்டாம்மா, உங்க மொகம் சரியில்ல" என்றார்.

ஆட்டோ எங்கள் தெரு முனையில் திரும்பும்போது நான் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"அவகிட்ட இதச் சொல்லக் கூடாது. படிக்கப் போற புள்ள."

"சொல்ல மாட்டேன்" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் என்னால் அவருக்குச் சோறு போட முடியவில்லை. சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளைப் போடச் சொல்லி உள்ளே போய்விட்டேன். இப்போது யோசித்தால் எது எனக்கு அப்படிக் கோபத்தைக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் தன் கால் கட்டை முதலில் அறுத்ததா. அம்மா அத்தனை முறை சொல்லியும் அந்தக் கத்தியைத் தூக்கிப் போடாததா. இல்லை, என்னிடமிருந்த அந்த ஒரு நொடியை அவர் பிடுங்கிக்கொண்டதா. அம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்பது பொய் என்று ஆகிவிட்டது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று அது வந்து நிற்கும். ஆபீசில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவிடம் பேச வேண்டியதை மட்டும் பேசினேன். மாத்திரை சாப்பிட்டீங்களா. வெந்நீர் வைக்கட்டுமா. அவரும் அதற்கு மட்டும் பதில் சொன்னார்.

மகள் கிளம்பிய அன்று காலையில் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, துணியில் சுற்றிய கத்தியை ஒரு ஸ்டூலில் வைத்தார். "கத்தியக் கையில குடுக்கக் கூடாது. நீயே எடுத்துக்க."

அவள் பிரித்துப் பார்த்தாள். புதிதாக எதையோ எதிர்பார்த்திருப்பாள். தேய்ந்த மரப்பிடியைப் பார்த்ததும் முகத்தில் வந்த ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, "அழகா இருக்கு தாத்தா. இத வச்சு நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம். கூடவே வச்சிரு. விரிச்சதும் இந்த வளையத்தத் திருப்பிப் பூட்டணும். அது போதும்."

அவள் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் அவள் தலையில் அந்த வளைந்த விரல்களை வைத்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலிலிருந்து போன் வரும். எங்கள் பேச்செல்லாம் முடிந்ததும் அப்பா ரிசீவரை வாங்குவார். ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விகள்.

"கத்தி இருக்கா?"

"இருக்கு தாத்தா. தலைகாணிக்கு அடியில வச்சிருக்கேன்."

"வளையம் சரியா பூட்டுதா?"

"பூட்டுது தாத்தா."

அவ்வளவுதான். ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அந்த நாட்களில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் மூச்சு விடமுடியாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், நான் கட்டில் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் முகமூடியைக் கையால் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"எம்மேல கோவமா பாப்பா?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. பேசாதீங்க, மூச்சு வாங்குது."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைக்குக் கடை ஒவ்வொரு கத்தியையும் அழுத்தி அழுத்திப் பார்த்தாரே, அந்தப் பார்வை. பிறகு முகமூடியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் ஆரஞ்சை உரித்து முடித்தேன். அவர் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த நாள் பதினொரு மணிக்கு, லீவு லெட்டர் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஆபீசுக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. நான் போவதற்குள் மூக்கில் பஞ்சு வைத்துவிட்டார்கள்.

தலத்தெருவிலேயே எடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் மனுஷன், ஊருக்குத்தான் வரவேண்டும் என்றார்கள். நான்கு வருஷமாகக் கடல் பக்கம் திரும்பாதவரை மழையில் வண்டியில் வைத்துப் பட்டினச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் போனபிறகு, மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். தாத்தாவுக்காக அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அம்மா, அந்தக் கத்தி எங்கிட்ட இல்லம்மா. போய் ரெண்டாவது வாரமே ரூம் செக் பண்ண வந்து வார்டன் எடுத்துக்கிட்டாங்க. ஹாஸ்டல்ல கத்தி வச்சிருக்கக் கூடாதாம். திருப்பிக் கேட்டேன், தரல. தாத்தா கேக்கும்போதெல்லாம் தலைகாணிக்கு அடியில இருக்குன்னு பொய் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் சொன்னேன்."

"விடு. ஒரு கத்திதானே" என்றேன்.

சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பொங்கல் கழிந்து நான் ஒருநாள் லீவு போட்டு, யாரிடமும் காரணம் சொல்லாமல் புதுச்சேரிக்குப் போனேன். வார்டன் நல்ல மாதிரியான அம்மாள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் கூடையை இழுத்து என் முன்னால் வைத்தார். வெந்நீர் போடுகிற கம்பிச்சுருள்கள், கத்தரிக்கோல், இரண்டு இஸ்திரிப் பெட்டி, பழைய செல்போன்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். கத்தி இல்லை.

"எனக்கு முன்னாடி இருந்தவங்க எடுத்தது. அவங்க மாத்தலாகிப் போயிட்டாங்க. குப்பையில போட்டிருப்பாங்க, இல்ல சமையக்கட்டுல யாராவது எடுத்திருப்பாங்க" என்றார். சமையல்கட்டிலும் கேட்டுப் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை.

மகள் வகுப்பு முடிந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். பார்வையாளர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அப்புறம், தாத்தா ஏன் கத்தி வாங்கித் தந்தார் என்பதையும் சொன்னேன். பாய் கடையில் நான் கேட்ட மாதிரியே, எதையும் விடாமல் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அழவில்லை. வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்கள் சொல்வதை இப்படித்தான் கேட்பாள்போல என்று தோன்றியது.

"அம்மாச்சி ஏதாவது பேசினாங்களாம்மா?"

"பேசினான்னு தாத்தா சொல்லல. வாயில தண்ணி."

கட்டியிருந்த கையைப் பிரித்து, "கால அவுக்காம தாத்தாவால திரும்பக்கூட முடிஞ்சிருக்காது" என்றாள். "அது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தாத்தாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அன்னைக்குக் கடையிலேருந்து வந்தப்புறம் தாத்தா போற வரைக்கும் நாலு மாசம் இருந்துச்சேம்மா."

நான் பையின் காதைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாட்சைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு டியூட்டி, போகணும் என்றாள். கேட் வரைக்கும் கூட வந்தாள். "பஸ்ஸில முன்னாடி உக்காரு. பின்னாடி உக்காந்தா உனக்கு வாந்தி வரும்" என்று சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். வெள்ளை ஷூவில் அவள் நடை வேகமாக இருந்தது.

சிதம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன். சீர்காழி தாண்டித்தான் இடம் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். பிறகு, "அப்பா இருக்காரா, அவர்கிட்ட குடு" என்றாள்.